நேப்பிள்ஸ் என்று எண்ணிய கடல்: வைட் தீவில் மூன்று நாட்கள்

முதல் நாள்

வைட் தீவுக்குப் பாலம் கிடையாது. இங்கிலாந்தின் தென்கரைக்கும் தீவுக்கும் நடுவே கிடக்கும் சோலன்ட் நீரிணையைக் கடல் வழியாகத்தான் தாண்டியாக வேண்டும் என்பதால், கார்களையும் லாரிகளையும் வயிற்றில் ஏற்றிக்கொள்ளும் பெரிய படகுக்காக நானும் அக்காவும் சவுதாம்ப்டன் துறையில் காத்திருந்தோம். நாங்கள் பிடித்திருக்க வேண்டிய படகு உண்மையில் அது அல்ல. அக்கா விடியற்காலையில் எழுந்து கட்டிய புளிசோற்றுப் பொட்டலத்தைச் சமையலறை மேடையிலேயே விட்டு வந்ததை, பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நான் சொன்னேன். "அங்க போயி என்னத்தடா சாப்பிடுவே, வா திரும்பலாம்" என்று அவள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள். அந்தப் பொட்டலமும் அதன் பின்னால் வந்த மழையும் சேர்ந்து எங்கள் அரைநாளைத் தின்றுவிட்டன.

படகுப் பயணம் சுமார் ஒரு மணி நேரம். கிழக்கு கவ்ஸ் துறையை நெருங்கும்போது இடப்பக்கக் கரையில் அடர்ந்த மரங்களுக்கு மேல் வெளிர்மஞ்சள் நிறத்தில் இரண்டு கோபுரங்கள் தெரிந்தன. ஒன்று கொடிக் கோபுரம், மற்றொன்று மணிக்கூண்டுக் கோபுரம். விக்டோரியா ராணியும் அவர் கணவர் இளவரசர் ஆல்பர்ட்டும் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட ஆஸ்பார்ன் மாளிகை அதுதான். அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறோம்.

அரண்மனைகளுக்குக் குறைவில்லாத ஒரு ராணிக்குக் கடலோரத்தில் இன்னொரு வீடு எதற்கு என்ற கேள்விக்குப் பாதி விடை பிரைட்டன் நகரத்தில் இருக்கிறது. அங்கே அவருடைய பெரியப்பா நான்காம் ஜார்ஜ் மன்னர், குவிமாடங்களும் மினார்களுமாக, வெளிப்பார்வைக்கு ஏதோ வடஇந்திய நவாபின் மாளிகை போலத் தோன்றும் ஓர் அரண்மனையைக் கட்டி வைத்திருந்தார். விக்டோரியாவுக்கு அது பிடிக்கவில்லை. ஊர் வளர்ந்து வீடுகள் நெருக்கிவிட்டதில் கடல் மறைந்து போயிருந்தது. வெளியே காலெடுத்து வைத்தால் கூட்டம் கூடிவிடும். குழந்தைகளோடு மணலில் நடக்க முடியாத கடற்கரை வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த அரண்மனை 1850இல் ஊராருக்கே 50,000 பவுண்டுக்கு மேல் விலைக்குப் போனது.

வைட் தீவு அவருக்குப் புதிதல்ல. சிறுமியாக இருந்தபோது, 1831இலும் 1833இலும், தாயாருடன் இதே கரையில் உள்ள நாரிஸ் கோட்டையில் கோடையைக் கழித்திருக்கிறார். அந்த நினைவோடு இடம் தேடியவருக்குப் பிரதமர் ராபர்ட் பீல் துணை நின்றார். கோட்டையை அடுத்திருந்த ஆஸ்பார்ன் பண்ணையை 1844இல் வாடகைக்கு எடுத்துத் தங்கிப் பார்த்து, 1845இல் இசபெல்லா பிளாச்ஃபோர்டு சீமாட்டியிடமிருந்து சொந்தப் பணத்தில் வாங்கினார்கள். இந்தச் 'சொந்தப் பணம்' முக்கியமானது. வின்ட்சர் கோட்டையிலோ பக்கிங்காம் அரண்மனையிலோ எதை மாற்றுவதென்றாலும் அரசாங்கத் துறைகளைக் கேட்க வேண்டியிருந்த தம்பதிக்கு, எவரையும் கேட்காமல் சுவரை இடித்துக் கட்டிக்கொள்ளும் உரிமை இங்கேதான் முதன்முதலாகக் கிடைத்தது.

மழை விட்டு மாளிகை வாசலுக்கு ஏறிப் போனபோது அன்றைய அனுமதி நேரம் முடிந்திருந்தது. திரும்பி இறங்கி, மெடினா ஆற்றின் இரு கரைகளையும் இணைக்கும் சங்கிலிப் படகில் ஒரு முறை போய்வந்தோம். ஆற்றின் அடியில் கிடக்கும் சங்கிலிகளைப் பற்றிக்கொண்டு தன்னைத் தானே இழுத்துக்கொண்டு போகும் இந்தச் சேவை 1859 முதல் இங்கே உண்டு. சங்கிலி நீரிலிருந்து எழுந்து கரகரவென்று உள்ளே போய், மறுபுறம் சொட்டச் சொட்ட இறங்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டே புளிசோற்றைச் சாப்பிட்டோம்.

இரண்டாம் நாள்

காலையில் முதல் ஆட்களாக உள்ளே போனோம். வெளிச்சுவரை அருகில் நின்று பார்த்தேன். தூரத்திலிருந்து பாத் நகரத்துக் கல் என்று தோன்றுவது கல்லே அல்ல, செங்கல் சுவரின் மேல் பூசிய சிமெண்டு. கல்லுக்குக் கல் இடைவெளி இருப்பதுபோல் பூச்சிலேயே கோடு கீறி, நிறமும் கொடுத்திருக்கிறார்கள். கட்டியவர் தாமஸ் கியூபிட். இவர் அரசவைக் கட்டடக் கலைஞர் அல்லர். லண்டனில் பெல்கிரேவியா போன்ற பகுதிகளைத் தெருத் தெருவாகக் கட்டி விற்ற பெரிய ஒப்பந்தக்காரர். ஆல்பர்ட் தாமே இவரோடு உட்கார்ந்து வரைபடம் போட்டார். சோலன்ட் நீரிணையைப் பார்க்கும்போதெல்லாம் ஆல்பர்ட்டுக்கு நேப்பிள்ஸ் வளைகுடா நினைவுக்கு வந்ததாம். அதனால் வீடும் இத்தாலியக் கிராமத்து மாளிகை போல் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. 1845 ஜூனில் அடிக்கல் நாட்டி, அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே குடும்பம் குடியேறியது. பழைய வீட்டை 1848இல் இடித்தார்கள். எல்லாப் பகுதிகளும் முடிய 1851 ஆயிற்று.

ஆங்கிலேயக் கடல் நேப்பிள்ஸ் ஆகிறது, சிமெண்டு கல் ஆகிறது. உள்ளே நுழைந்ததும் இந்தப் பாவனைகளின் வரிசை நீண்டுகொண்டே போயிற்று. பில்லியர்ட்ஸ் மேசையை ஆல்பர்ட்டே வடிவமைத்திருக்கிறார். அதன் பருத்த கால்கள் பளிங்கு என்றுதான் எவரும் நினைப்பார்கள், ஆனால் அவை பளிங்குபோல் வண்ணம் தீட்டி மெருகேற்றிய கருங்கற்பலகை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பணம் இல்லாமல் செய்த வேலையும் அல்ல இது. அந்தக் காலத்தில் ஒரு பொருளை இன்னொன்றாகத் தோன்றச் செய்யும் தொழில்நுட்பம் புதுமையாக இருந்தது, ஆல்பர்ட்டுக்குப் புதுமைகளில் தீராத ஆசை இருந்தது.

அதைவிட என்னைக் கவர்ந்த பாவனை, கீழ்த்தளத்து அறைகளை அமைத்திருக்கும் விதம். சாப்பாட்டு அறை, வரவேற்பறை, பில்லியர்ட்ஸ் அறை ஆகிய மூன்றும் மாடிப்படியைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்று திறக்கின்றன. நடுவே கதவு இல்லை, தூண்களும் திரைகளும்தான். ராணியின் முன்னிலையில் அரசவையினர் உட்காரக் கூடாது என்பது முறை. ஆனால் அவர் வரவேற்பறையில் இருக்கும்போது, மூலை திரும்பியிருக்கும் பில்லியர்ட்ஸ் அறையில் உள்ள அலுவலர்கள் 'முன்னிலையில்' இருந்துகொண்டே அவர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். அதாவது, உட்காரலாம். முறையை மீறாமலே முறையிலிருந்து தப்புவதற்குச் சுவரைத் திருப்பிக் கட்டிய இந்த யுக்தியை நினைத்து, நான் அந்த மூலையில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு மூன்று தடவை நடந்து பார்த்தேன். உண்மைதான், ஓரடி எடுத்து வைத்தால் வரவேற்பறையின் சோபாக்கள் மறைந்துவிடுகின்றன.

வரவேற்பறையில் கண்ணாடிக்குள் வெண்பளிங்கில் சின்னஞ்சிறு கைகளும் கால்களும் பட்டுத் திண்டுகளின் மேல் கிடக்கின்றன. ராணியின் குழந்தைகளுடைய கைகால்களைப் பார்த்து மேரி தார்னிகிராஃப்ட் என்ற பெண் சிற்பி செதுக்கியவை. மணிக்கட்டில் கொழுத்த குழந்தைகளுக்கே விழும் அந்த மடிப்பு, உள்நோக்கிச் சுருண்ட கால்விரல்கள், நகத்தின் ஓரம் எல்லாம் கல்லில் வந்திருக்கின்றன. அழகாக இருந்தாலும் உடம்பில்லாத கையை அப்படித் தனியே பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் கூசியது. அக்காவோ குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "நம்ம வீட்ல பிள்ளைங்க கொலுசெல்லாம் எடுத்து வச்சிருக்கோமே, அது மாதிரிதான்டா" என்றாள். அவள் சொன்ன பிறகு கூச்சம் போய்விட்டது.

மாடிப்படியின் தலைப்பில் வில்லியம் டைஸ் 1847இல் தீட்டிய பெரிய சுவரோவியம் இருக்கிறது. கடல் தெய்வமான நெப்டியூன், கடலாட்சியை, பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த பிரிட்டானியாவிடம் ஒப்படைக்கிற காட்சி. குளிக்கப் போகிற குழந்தைகளும் பால் கொண்டுபோகிற தாதிகளும் தினம் ஏறி இறங்கும் படியில், உடையில்லாத தேவகணங்கள் சூழ இப்படியொரு ஓவியம். இது வீடா, அரசாங்கமா என்பதை இந்த வீட்டால் எந்த இடத்திலும் முடிவு செய்துகொள்ள முடியவில்லை. ராணியின் அறையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு எழுதுமேசைகள் இருக்கின்றன. கணவனும் மனைவியும் தோளோடு தோளாக உட்கார்ந்து லண்டனிலிருந்து வரும் கோப்புப் பெட்டிகளைப் பார்த்த இடம் அது. விடுமுறைக்கென்று கட்டிய வீட்டில் விடுமுறை இருந்த மாதிரியே தெரியவில்லை.

ஆல்பர்ட் 1861 டிசம்பர் 14ஆம் தேதி வின்ட்சரில் இறந்தார். விதவையான ராணி உடனே இங்கேதான் வந்து ஒடுங்கினார். இங்கே இருக்கும் சாப்பாட்டு அறையைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். மகள் ஆலிஸின் திருமணம் 1862 ஜூலையில், தந்தை இறந்து ஏழு மாதம்கூட ஆகாத நிலையில், மேசைகளை அகற்றிவிட்டு இந்த அறையில்தான் நடந்தது. தாய் கறுப்பு உடையில் உட்கார்ந்திருந்தார். கிட்டத்தட்ட 39 ஆண்டுகள் கழித்து, 1901 ஜனவரி 22ஆம் தேதி மாடியில் உள்ள தம் படுக்கையறையில் 81 வயதில் ராணி இறந்தபோது, அவருடைய சவப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்ததும் இதே அறையில்தான். பிப்ரவரி 1ஆம் தேதி 'ஆல்பர்ட்டா' என்ற அரச படகில், இருமருங்கும் நின்ற போர்க்கப்பல்களுக்கு நடுவே, அந்தப் பெட்டி சோலன்டைக் கடந்தது. இன்று அந்த அறையில் மேசை விரித்துத் தட்டுகளும் கண்ணாடிக் கோப்பைகளும் அடுக்கி, யாரோ விருந்துக்கு வரப்போவதுபோல வைத்திருக்கிறார்கள்.

மாடியில் அந்தப் படுக்கையறையையும் பார்த்தோம். மகன் ஏழாம் எட்வர்டுக்கு இந்த வீட்டின் மேல் பிடிப்பில்லை. 1902இல் தம் முடிசூட்டு நாளன்று நாட்டுக்கே கொடுத்துவிட்டார். ஒரு பகுதி படை அதிகாரிகள் நோய் தீர்ந்து ஓய்வெடுக்கும் இல்லமாயிற்று. குதிரை லாயங்கள் இருந்த பக்கத்தில் 1903 முதல் 1921 வரை கடற்படைப் பயிற்சிக் கல்லூரி நடந்தது. ராணியின் அந்தரங்க அறைகள் மட்டும் பூட்டியே இருந்தன. எலிசபெத் ராணியின் அனுமதியோடு 1954இல்தான் பொதுமக்கள் அவற்றைப் பார்க்க முடிந்தது. இப்போது 'இங்கிலீஷ் ஹெரிடேஜ்' அமைப்பு பராமரிக்கிறது.

மதியத்துக்கு மேல் தர்பார் அறைக்குப் போனோம். இவ்வளவு நேரம் இத்தாலியில் நடந்துகொண்டிருந்தவர்கள் ஒரு கதவைத் தாண்டியதும் பஞ்சாபுக்குள் நுழைந்துவிடுகிறோம். 1876இல் இயற்றிய சட்டத்தால் இந்தியாவின் பேரரசி என்ற பட்டம் பெற்ற விக்டோரியா, இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. 1890, 91ஆம் ஆண்டுகளில் லாகூர் கலைப்பள்ளியைச் சேர்ந்த பாய் ராம் சிங்கை வரவழைத்து, அந்தப் பள்ளியின் தலைவர் லாக்வுட் கிப்ளிங்கின் மேற்பார்வையில் இந்த விருந்து மண்டபத்தைக் கட்டுவித்தார். மரத்தில் குடைந்து வைத்து அச்சு எடுத்து, நார் கலந்த சாந்தில் வார்த்து ஒட்டிய வேலை சுவரிலும் கூரையிலும் ஓர் அங்குலம் விடாமல் பரவியிருக்கிறது. நம் ஊர்ச் சொல்லில் சொன்னால் சுதை வேலை. கோபுரத்துச் சுதையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, வண்ணமே தீட்டாத இந்த வெள்ளைச் சுதை வேலை இன்னும் முடியாதது போலவே பட்டது.

கணப்படுப்பின் மேல் ஒரு மயில் தோகை விரித்து நிற்கிறது. அண்ணாந்து பார்த்தால், தோகையின் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாகச் சாந்தில் எழும்பி, மேலே போகப்போகச் சிறுத்து, விளிம்பில் வலைப்பின்னலாகக் கரைகிறது. மயிலுக்குக் கீழே இங்கிலாந்துக் குளிருக்கான நெருப்பு எரிந்திருக்கும். பிரைட்டனில் இந்தியச் சாயல் கொண்ட அரண்மனையை விற்றுத் தொலைத்துவிட்டுப் போனவர், நாற்பது ஆண்டுகள் கழித்து முதுமையில் இன்னோர் இந்தியாவைக் கட்டிக்கொண்டார் என்பதை நினைத்துப் பார்க்கப் புன்னகை வந்தது. அறையைச் சுற்றிக் கண்ணாடிப் பேழைகளில் ராணியின் ஆட்சியைக் கொண்டாடிய 1887, 1897 விழாக்களுக்கு இந்தியச் சமஸ்தானங்களும் நகரங்களும் அனுப்பிய வெள்ளிப் பேழைகளும் தந்த வேலைகளும் வைத்திருக்கிறார்கள். அவற்றை நான் வேகமாகக் கடந்துவிட்டேன். அரசர்கள் அரசிக்குக் கொடுத்த பரிசுகளில் பணிவைத் தவிர வேறென்ன பார்க்க முடியும்?

ஆனால் தர்பார் அறைக்குப் போகும் நடைக்கூடத்தில் நான் நின்ற நேரத்துக்கு அக்கா இரண்டு முறை வந்து கூப்பிட வேண்டியிருந்தது. ஆஸ்திரிய ஓவியர் ருடால்ஃப் ஸ்வோபோடா தீட்டிய இந்தியர்களின் உருவப்படங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. 1886இல் லண்டனில் நடந்த குடியேற்ற நாடுகள் மற்றும் இந்தியப் பொருட்காட்சிக்கு நெசவாளர், குயவர், செம்புக் கன்னார் என்று கைவினைஞர்களை அழைத்து வந்து, வேடிக்கை பார்ப்பவர்கள் முன்னால் வேலை செய்ய வைத்தார்கள். அவர்களில் பலர் ஆக்ரா சிறையில் தொழில் பயின்ற கைதிகள். அவர்களைப் படமாக்க ராணி கேட்டுக்கொண்டதில் தொடங்கி, பின்னர் ஸ்வோபோடாவை இந்தியாவுக்கே அனுப்பி இன்னும் பலரைத் தீட்டி வரச் செய்தார்.

பெரும்பாலான படங்கள் மிகச் சிறியவை. விரித்த இரண்டு உள்ளங்கைகளால் மூடிவிடலாம். அதில் ஒருவர் பக்ஷிராம், குயவர், வயது 102 என்று குறித்திருக்கிறார்கள். வெண்தாடி, வெயிலில் பதப்பட்ட தோல், எதையும் கேட்காத, எதற்கும் வியக்காத கண்கள். பக்கத்தில் பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங் பதினைந்து வயதில் முத்தும் வைரமுமாக நிற்கும் ஆளுயரப் படம். வின்டர்ஹால்டர் 1854இல் தீட்டியது. அந்த ஆண்டுக் கோடையில் துலீப் சிங் இந்த வீட்டில் விருந்தாளியாகவும் இருந்திருக்கிறார். நாட்டைப் பறிகொடுத்த சிறுவனுக்கு ஓவியர் கம்பீரத்தைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார். குயவருக்கு யாரும் எதையும் கூட்டவில்லை. பாவனைகளால் ஆன இந்த வீட்டில், எதுவாகவும் தோன்ற முயலாத ஒரே பொருள் அந்தக் கிழவரின் முகம் என்று எனக்குப் பட்டது.

ராணிக்கு உருது கற்பித்த முன்ஷி அப்துல் கரீமின் படமும் அங்கே உண்டு. 1887இல் பணியாளாக வந்தவருக்கு இந்தத் தோட்டத்துக்குள்ளேயே 'ஆர்தர் காட்டேஜ்' என்ற வீடு கிடைத்தது. ராணி இறந்த பிறகு, அவர் எழுதிய கடிதங்களை அந்த வீட்டிலிருந்து வாங்கி எரித்துவிட்டு, முன்ஷியை ஆக்ராவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள்

வானம் வெளுத்திருந்தது. மாளிகையின் பின்புறத்துப் படித்தளங்களில் இறங்கும்போது கடல் நேராகத் தெரிகிறது. வெயில் அடித்த பத்து நிமிடத்துக்கு ஆல்பர்ட் சொன்ன நேப்பிள்ஸை நானும் ஒப்புக்கொள்ளத் தயாராக இருந்தேன். படித்தளத்தில் மிர்ட்டில் என்னும் நறுமணச் செடி இருக்கிறது. ஆல்பர்ட்டின் பாட்டி கொடுத்த செண்டிலிருந்து வேர்விட்ட குடும்பச் செடி. ராணியின் மூத்த மகள் 1858இல் மணமானதிலிருந்து அரச குடும்பத்து மணப்பெண்களின் பூச்செண்டில் இதன் கிளை ஒன்று சேர்வது வழக்கமாகிவிட்டது.

தோட்டத்தின் கோடியில் 'சுவிஸ் காட்டேஜ்' என்னும் மரவீடு. 1854இல் இதைக் குழந்தைகளிடம் ஒப்படைத்தார்கள். கீழே உண்மையாகவே அடுப்பெரியும், குழந்தைகள் கைக்கு எட்டும் உயரத்தில் அமைந்த சமையலறை. இளவரசிகள் இங்கே மாவு பிசைந்து பலகாரம் சுட்டுப் பெற்றோரைத் தேநீருக்கு அழைப்பார்கள். வெளியே ஒன்பது பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பாத்தி, பெயரின் முதலெழுத்துகள் பொறித்த சிறு தள்ளுவண்டி, மண்வெட்டி. தோட்டக்காரரின் மேற்பார்வையில் அவர்கள் விளைவித்த காய்களைத் தந்தை சந்தை விலை கொடுத்து வாங்கிக்கொண்டார். இதுவும் பாவனைதான் என்று சொல்லிக்கொண்டே வந்த நான், பாத்திகளில் தழைத்திருந்த அவரையையும் முட்டைக்கோசையும் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். விதைத்து, நீர் ஊற்றி, விளைந்ததை விற்றால் அது வேளாண்மை. அக்கா அவரைக் கொடியைத் தொட்டுப் பார்த்து, "பந்தல் போடாம குச்சி நட்டு ஏத்தியிருக்காங்க" என்றாள்.

அங்கிருந்து மரங்களுக்கிடையே இறங்கினால் ஆஸ்பார்ன் கடற்கரை. அரச குடும்பத்துக்கு மட்டும் என்றிருந்த இந்தக் கரையில் பொதுமக்கள் நடக்கத் தொடங்கியது 2012இல்தான். மணல் குறைவு, கூழாங்கல் அதிகம். கரையில் ராணியின் குளியல் வண்டி நிற்கிறது. சக்கரம் வைத்த மரக் குடிசை போன்றது. சரிவுப் பாதையில் நீருக்குள் இறக்கிவிடுவார்கள். முகப்பில் திரை தொங்கும் சிறு தாழ்வாரம் இருக்கிறது. ராணி உள்ளே உடை மாற்றிக்கொண்டு, திரையின் மறைவிலேயே படியிறங்கி, கழுத்தளவு நீரில் நின்ற பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிவார். 1847 ஜூலை 30ஆம் தேதி, 28ஆம் வயதில், வாழ்க்கையில் முதல் முறையாக அவர் கடலில் குளித்தார். மிகவும் இன்பமாக இருந்தது என்றும், தலையை நீருக்குள் முக்கியதும் மூச்சு முட்டிவிடும் என்று தோன்றியது என்றும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். உலகின் கடல்களையெல்லாம் நெப்டியூன் கையால் வாங்கிக்கொள்ளும் ஓவியம் அதே ஆண்டில் மாடிப்படிச் சுவரில் உருவாகியது.

ராணி இறந்த பிறகு இந்த வண்டியைக் கொஞ்ச காலம் கோழிக்கூடாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பின்னர் 1950களில் மீட்டுச் சீர்செய்தார்கள். பலகையின் இடுக்குகளில் இறகு ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று நான் எட்டிப் பார்த்தேன். புது வர்ணம்தான் தெரிந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு நீரில் இறங்கினேன். ஜூன் மாதத்திலும் பனிக்கட்டியைக் கரைத்து ஊற்றியது போன்ற தண்ணீர். முழங்கால் நனைவதற்குள் திரும்பிவிட்டேன். கூழாங்கல் மேட்டில் உட்கார்ந்திருந்த அக்கா துண்டை நீட்டியபடி, படகுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது, இந்த முறை எதையும் மறக்காமல் எடுத்துவை என்றாள்.